பழைய மின்காரை விற்கும்போது பேட்டரியின் உடம்பு எப்படி என்று எழுதிக் கொடுங்கள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட், இசிபிங்கோ என்று டர்பனைச் சுற்றி பழைய கார் விற்கிற, கார் பழுது பார்க்கிற நம் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம்.

இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகியிருக்கும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வாசிக்க வராதவர்கள் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எப்படியும் உங்கள் பிள்ளைகளில் சிலர் சனிக்கிழமை என் வகுப்பில் அ, ஆ எழுதுகிறவர்கள்தான்.

நான் திருச்சியிலிருந்து 1998-ல் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதில் கார் ஒர்க்‌ஷாப்பும் உண்டு, டயர் கடையும் உண்டு. ஆகவே உங்கள் தொழிலில் மிச்சம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதக் கடைசியில் எந்த செக் திரும்பி வரும் என்பதெல்லாம் ஓரளவு தெரியும். இங்கே பிக்கப் வண்டியைப் ‘பாக்கி’ என்று சொல்லக் கேட்டபோது முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் பேர் பொருத்தம் புரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கினேன். கடையின் பெயரும் காரின் பெயரும் இங்கே வேண்டாம். விற்றவரும் நம்மவர்தான், அவரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை.

கடை மேட்டுப் பக்கம் இருந்தது. ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். விற்பனைக்கார தம்பி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். க்லூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக பைன்டவுனுக்கு இறங்கினோம். அந்தச் சரிவு உங்களுக்குத் தெரியும், கியரைப் போட்டுப் பிரேக்கை மிதித்தே கால் வலிக்கும். இந்த வண்டியில் காலை எடுத்தாலே போதும், மோட்டாரே பிடித்துக்கொள்கிறது, பிடித்த வேகத்தில் பேட்டரிக்கு மின்சாரமும் ஏற்றுகிறது. மேலே இருந்தபோது மீட்டர் 198 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது, கீழே இறங்கியபோது 205. “ஓட ஓடக் கூடுது பாருங்க, அக்கா!” என்றார் தம்பி. என் அலுவலகம் பைன்டவுனில். என்னை அங்கேயே இறக்கிவிட்டு அவர் வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மேலே ஏறும்போது அந்த 205 என்ன ஆனது என்று பார்க்க நான் வண்டியில் இல்லை.

அதைப் பார்த்தது ஜூலையில், நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனபோது. சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய வழி. வீட்டில் முழுதாக சார்ஜ் போட்டுத்தான் கிளம்பினோம். கேட்டோ ரிட்ஜ் தாண்டும்போது 31 விழுக்காடு. ஏசியை அணைத்தோம். பின்சீட்டில் மாமியார் பட்டுப்புடவையில் வேர்த்து வழிந்தபடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சரக்கு லாரிக்குப் பின்னால் எழுபதில் ஊர்ந்து, 12 விழுக்காட்டோடு ஊருக்குள் நுழைந்தோம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

மறுவாரம் ஒரு தெரிந்த பையன், டாஷ்போர்டுக்கு அடியில் செருகுகிற கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். போனில் ஒரு ஆப். இரண்டு நிமிஷத்தில் எண் வந்தது. பேட்டரி ஆரோக்கியம், 68 விழுக்காடு. புதிதாக இருந்தபோது நூறு குடம் பிடித்த தொட்டி இப்போது அறுபத்தெட்டுதான் பிடிக்கும் என்று அர்த்தம். அந்தக் கருவி சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கிறது. கார் விற்கிற கடையில் அது இல்லாமலா இருந்திருக்கும்?

கடைக்குப் போனேன். முதல் பதில், “எட்டு வருஷ வாரண்டி இருக்கே, கம்பெனியிடம் கேளுங்க.” கம்பெனியில் கேட்டேன். வாரண்டி எட்டு வருஷம்தான். ஆனால் நான் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வண்டி முதன்முதலில் ரோட்டுக்கு வந்த நாளிலிருந்து. அது 2016 மார்ச். நான் பணம் கட்டியபோது வாரண்டி செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது பதில், “பேட்டரி டயர் மாதிரி, தேயற சாமான், அதுக்கு யாரும் பொறுப்பு எடுக்க முடியாது.” மூன்றாவது பதிலுக்கு அவர் வாயைத் திறக்கவில்லை, நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஃபுட்ஸ்டூட்ஸ்.

இந்த ஊருக்கு வந்து நான் கற்ற முதல் ஆஃப்ரிகான்ஸ் சொற்களில் அது ஒன்று. இருக்கிறபடியே எடுத்துக்கொள், பிறகு வந்து கேட்காதே என்று பொருள். உங்களில் பலர் அதை இன்னும் மந்திரத் தாயத்து மாதிரி ரசீதில் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் கணக்குப் பிள்ளையாகச் சொல்கிறேன், அந்தத் தாயத்து வேலை செய்வது நின்று ரொம்ப நாள் ஆகிறது. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2011-லிருந்து நடப்பில் இருக்கிறது. வியாபாரமாகக் கார் விற்கிற யாரும், பழைய காராக இருந்தாலும், அதற்குக் கட்டுப்பட்டவர். 55-ஆம் பிரிவு, பொருள் அதன் வேலைக்கு உகந்ததாக, பழுதில்லாமல், நியாயமான காலம் உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 56-ஆம் பிரிவு, அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்கிற உரிமை வாங்கியவருக்கு. பழுது பார்த்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால், பிறகு மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தக் காரை விற்றால் கதை வேறு, அங்கே ஃபுட்ஸ்டூட்ஸ் இன்னும் செல்லும், தெரிந்தே மறைத்திருந்தால் ஒழிய. கடைக்குச் செல்லாது.

நான் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். தேதி, கிலோமீட்டர், 68 என்ற எண், விளம்பரத்தில் “எட்டு வருஷ வாரண்டி” என்று போட்டிருந்த படம், பிரிவு எண்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது கார் வியாபாரப் புகார்களை விசாரிக்கிற நடுவருக்கு, அனுப்புவேன் என்று கடைசி வரி. வாங்குகிறவர்களுக்கு அங்கே காசு இல்லாமல் புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஒன்பதாம் நாள் கடை முதலாளியே போன் செய்தார். பேரம் இழுத்து இழுத்து நவம்பரில் முடிந்தது. பழுதுச் செலவு அவருடையது.

இப்போது அந்தப் பழுதைப் பற்றி. ஏனென்றால் இந்தக் கடிதத்தில் பாதி மெக்கானிக் தம்பிகளுக்கு.

புது பேட்டரி போட கம்பெனி கொடுத்த கொட்டேஷன், நான் காருக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். அதைப் பார்த்தால் எவரும் வண்டியைத் தலைமுழுகிவிடுவார்கள். ஆனால் பீனிக்ஸில் ஒரு தம்பி இருக்கிறார், வெளியூரில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். “பேட்டரி ஒண்ணு இல்லக்கா, அது ஒரு கூட்டுக் குடும்பம். உள்ள சின்னச் சின்னப் பெட்டியா மாட்யூல்கள் இருக்கு, எது படுத்திருக்குன்னு பார்ப்போம்” என்றார். நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ரப்பர் கையுறையை எடுத்து, மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றைச் சிறைபிடித்து, எங்காவது கசிகிறதா என்று கன்னத்தோரம் வைத்துப் பார்த்தார். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் அந்தக் கையுறை குப்பைக்கு. பிறகு பேட்டரியை வண்டியிலிருந்து துண்டிக்கிற பிளக்கை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்றேன். “நான் அடியில இருக்கறப்ப யாராச்சும் உதவி பண்றேன்னு திரும்பச் செருகிடக் கூடாதில்ல?” கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் சும்மா இருந்தார், உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய. அதன் பிறகுதான் மீட்டர் வைத்து, பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைத்தார். சுமார் நானூறு வோல்ட். டீ கொண்டுவந்த அவருடைய அம்மா தரையில் கிழித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

இரண்டு மாட்யூல்தான் படுத்திருந்தன. மொத்த வரிசையும் அந்த இரண்டின் வேகத்துக்குத்தான் நடக்கும், கடைசிப் பிள்ளைக்காகக் கல்யாண வீட்டில் எல்லாரும் காத்திருப்பது போல. அவற்றை மாற்றியதும் எண் 79-க்கு வந்தது. செலவு 31,000 ரேண்ட். சின்னத் தொகை இல்லை. ஆனால் கம்பெனி சொன்ன விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ரசீதில் “வேலைக்கும் சாமானுக்கும் மூன்று மாதப் பொறுப்பு” என்று அவரே எழுதிக் கொடுத்தார். 57-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது, எழுதாவிட்டாலும் பொறுப்பு உண்டு, எழுதிக் கொடுத்தால் மரியாதை உண்டு.

மெக்கானிக் தம்பிகளே, இந்த வண்டிகள் உங்கள் பிழைப்பைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை, பிரேக் பேட் வருஷக்கணக்கில் தேயாது. எல்லாம் நிஜம். ஆனால் டயர் சீக்கிரம் தேய்கிறது, வண்டி கனம். பழைய 12 வோல்ட் பேட்டரி இதிலும் இருக்கிறது, அது படுத்தால் இவ்வளவு பெரிய வண்டி ரிமோட்டுக்குக் கதவைக்கூடத் திறக்காது. சார்ஜ் ஏற்றுகிற உள்கருவி, கூலன்ட், சஸ்பென்ஷன், இதெல்லாம் யார் பார்ப்பது? வாரண்டி வண்டியைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போட்டி ஆணையம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டலைப் படித்தீர்களா? வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, தொழில்நுட்பத் தகவலும் பயிற்சியும் உங்களைப் போன்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. நீங்கள் வேலையைக் கெடுத்தால் அந்தப் பழி உங்களுடையது என்றும் சொல்கிறது, நியாயந்தானே. அது வழிகாட்டல்தான். ஆனாலும் கேட்காதவனுக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்? ஒருவர் தனியாகக் கேட்பதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கதவு திறக்கும். ஒன்று மட்டும், பயிற்சி இல்லாமல் ஆரஞ்சுக் கேபிளைத் தொடாதீர்கள். யூடியூப் பார்த்துத் தொடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பெட்ரோல் காரே வாங்கியிருக்கலாமே என்று என் கொழுந்தனார் இன்றைக்கும் கேட்கிறார். கணக்கைச் சொல்கிறேன். மாதம் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பழைய பெட்ரோல் கார் அதற்குத் தொண்ணூறு லிட்டர் குடித்தது, ஏறக்குறைய 1,950 ரேண்ட். இப்போது வீட்டு மின்சாரம் யூனிட் மூன்று ரேண்டை ஒட்டி. ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 210 யூனிட், சுமார் 650 ரேண்ட். மாதம் 1,300 மிச்சம். இன்சூரன்ஸ் 280 ரேண்ட் கூடியதால் கையில் நிற்பது ஆயிரம். சர்வீஸ் செலவு குறைந்ததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் ஏழு ரேண்டுக்கு மேல், தினமும் அங்கேயே போட்டால் இந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். எனவே வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவருக்கு இந்தக் காரை விற்கும்போது அதையும் சொல்லி விற்க வேண்டும். என் வீட்டுப் பழைய பிளக் பாயின்டில் முதல் மாதம் போட்டதில் பிளக்கின் ஒரு கால் கறுத்து, பிளாஸ்டிக் வாசனை அடித்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்து, வயரிங் முறைப்படி இருக்கிறது என்கிற சி.ஓ.சி. சான்றிதழ் வாங்கினேன். அந்தச் செலவையும் யாரும் கடையில் சொல்லவில்லை.

இப்போது அந்த 31,000-ஐ இதன் மேல் வையுங்கள். என் கையை விட்டுப் போயிருந்தால் இரண்டரை வருஷ மிச்சம் ஒரே ரசீதில் தீர்ந்திருக்கும். மின்காரின் லாபமும் நஷ்டமும் பெட்ரோல் விலையில் இல்லை, வாங்குகிற அன்றைக்கு அந்தப் பேட்டரியின் எண் என்ன என்பதில் இருக்கிறது. அந்த ஒரு எண்ணைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

புதுசு வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18 விழுக்காடு, மின்காருக்கு 25. இதன் நியாயத்தை எனக்கு யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும். 2026 மார்ச் 1 முதல் தொடங்கும்படி போட்ட முதலுக்கு 150 விழுக்காடு வரிக் கழிவு தரச் சட்டம் செய்தார்கள், அது தொழிற்சாலை கட்டுகிறவர்களுக்கு, வாங்குகிற நமக்கு இல்லை. 2025-ல் மூன்றரை லட்சம் ரேண்டுக்குக் கீழே புது மின்கார்கள் வரத் தொடங்கிவிட்டன என்பது நல்ல சேதிதான். ஆனால் இன்னும் நாலைந்து வருஷத்தில் அவையும் உங்கள் கடை வாசலுக்குத்தான் வந்து நிற்கும். அதற்குள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒரு தாள். அரைப் பக்கம் போதும். பேட்டரி ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு, எந்தத் தேதியில், எந்தக் கருவியால் பார்த்தது, அன்றைக்கு ஓடோமீட்டர் என்ன. வண்டி முதலில் ரோட்டுக்கு வந்த நாள், கம்பெனி வாரண்டி முடிகிற நாள். பேட்டரியை யாராவது திறந்திருக்கிறார்களா, மாட்யூல் மாற்றியிருக்கிறார்களா. தண்ணீரில் நின்ற வண்டியா.

தண்ணீர் என்றதும் 2022 ஏப்ரல் ஞாபகம் வரும். நானூறு பேருக்கு மேல் செத்த வெள்ளம். இசிபிங்கோவுக்குப் பக்கத்தில் ப்ரோஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த 4,000-க்கும் மேற்பட்ட புது வண்டிகளை அவர்கள் நசுக்கிப் போட்டார்கள், ஒன்றுகூடச் சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்று. ஊரில் அன்றைக்கு நனைந்த மற்ற வண்டிகள் எல்லாம் நசுக்கப்பட்டனவா? ஈர வாசனை போக எலுமிச்சை ஸ்பிரே அடித்த சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மின்காரின் பேட்டரி தரையை ஒட்டி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அதில் தண்ணீர் போனதா என்பது வாசனைப் பிரச்சினை இல்லை.

எண் குறைவாக இருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். உங்கள் பக்கத்திலிருந்தே சொல்கிறேன், 55-ஆம் பிரிவிலேயே ஆறாவது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருள் இன்ன நிலையில் இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, வாங்குகிறவர் அதை ஒப்புக்கொண்டு வாங்கினால், பிறகு அந்தக் குறையைச் சொல்லி அவர் உங்களிடம் வர முடியாது. ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்தது உங்களைக் காப்பாற்றாது. ‘பேட்டரி 68 விழுக்காடு, மேட்டுப் பாதையில் நூறு கிலோமீட்டரை நம்ப வேண்டாம்’ என்று பேனாவால் எழுதியது காப்பாற்றும். அந்த 68-ஐ எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முப்பதாயிரம் குறைத்துக் கேட்டிருப்பேன், வாங்கியும் இருப்பேன். அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போக 68 தாராளம். கல்யாணத்துக்கு மட்டும் கொழுந்தனாரின் பெட்ரோல் காரில் போயிருப்போம்.

அந்த முதலாளி கடைசியில் பணம் கட்டினார், ஆனால் நான்கு மாதம் என்னிடம் மல்லுக்கட்டினார். அந்த நான்கு மாதத்தில் என் வகுப்புத் தாய்மார்களில் இரண்டு பேர் அவர் கடைக்குப் போவதாக இருந்து வேறு கடைக்குப் போனார்கள். நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஏன் லேட் என்று கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான்.

தாளின் மாதிரி ஒன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாராக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு ஒரு மணிக்கு முடியும், பிள்ளையைக் கூட்டிப் போக வரும்போது ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், கடை முத்திரையை மேலே குத்திக்கொள்ளலாம். முதல் தாளை நானே நிரப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் இந்த வண்டியை விற்கப் போகிறேன், 79 என்று முன்கண்ணாடியில் ஒட்டித்தான் விற்பேன். உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் கணக்கு எழுதும் அக்கா